டெங்குவில் அசிட்ரோம்: எப்போது நிறுத்துவது, எதற்கு மாற்றுவது?

இரவுப்பணி:
34 வயதுப் பெண். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் (ரத்தம் தேவையில்லாமல் உறையும் தன்னெதிர்ப்பு நோய்), அதற்கான மூன்று ஆன்டிபாடியும் பாசிட்டிவ். முன்பு காலில் ரத்தம் உறைந்ததால் அசிட்ரோம் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) 3 மி.கி., இலக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) 2–3. இன்று காய்ச்சலின் நான்காம் நாள், என்எஸ்1 (டெங்கு சோதனை) பாசிட்டிவ். பிளேட்லெட் 92,000, ஐஎன்ஆர் 3.8. ரத்தக்கசிவு இல்லை. அசிட்ரோமை முறிக்க வைட்டமின் கே போடலாமா? ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத ரிவராக்சபான் மாத்திரைக்கு மாற்றிவிட்டால் ஐஎன்ஆர் தொல்லையே இருக்காதே?

ரத்தவியல்:
இரண்டுமே வேண்டாம் டாக்டர். கசிவு இல்லாத 3.8-க்கு அசிட்ரோமை நிறுத்தினாலே போதும், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். வைட்டமின் கே 10 மி.கி. போட்டால் பிறகு ஒரு வாரமானாலும் அசிட்ரோம் பிடிக்காது. மூன்றும் பாசிட்டிவான நோயாளிகளுக்கு ரிவராக்சபான் கொடுத்த ஆய்வு, பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

ஐஎன்ஆர் 2-க்குக் கீழே வந்ததும், பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருந்தால் ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்து). காய்ச்சல் விட்ட அடுத்த 24–48 மணி நேரம்தான் டெங்குவில் ஆபத்து. அந்த நேரத்துக்கு, தோலுக்கடியில் போடும் எனாக்சாபரினைவிட நரம்பு வழி ஹெப்பாரினே நல்லது: நிறுத்திய சில மணி நேரத்தில் வேலை தீர்ந்துவிடும், புரோட்டமின் என்ற முறிமருந்து அதை முழுதாக முறிக்கும். ஆனால் லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் (அந்த மூன்று ஆன்டிபாடிகளில் ஒன்று) உள்ளவருக்கு, ஹெப்பாரின் அளவைப் பார்க்கும் ஏபிடிடி சோதனை மருந்துக்கு முன்பே நீண்டிருக்கும். அதை நம்பி ஓட்டினால் ஹெப்பாரின் குறைவாகவே போகும். ரத்தத்தில் ஹெப்பாரின் வேலையை நேரடியாகக் காட்டும் ஆன்டி-டென்ஏ (anti-Xa) சோதனையை 0.3–0.7-இல் வைத்து ஓட்டுங்கள். அந்தச் சோதனை கிடைக்காவிட்டால் எனாக்சாபரின்தான், கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) பார்த்துவிட்டு.

பிளேட்லெட் 25,000–50,000-க்குள் ஹெப்பாரின் பாதி அளவு, அதற்குக் கீழே நிறுத்தம். இவை புற்றுநோயாளிகளுக்கு வகுத்த எல்லைகள். டெங்குவில் ரத்தக்குழாயும் கசிவதால் 50,000-லேயே நிறுத்துவோர் உண்டு. இவருக்கு நான் பாதி அளவின் பக்கம். எண்ணிக்கை ஒரே நாளில் மளமளவென்று விழுந்தால் மட்டும் முன்பே நிறுத்துவேன்.

மருந்தாளர்:
பாராசிட்டமால் எவ்வளவு போகிறது?

இரவுப்பணி:
650, நாளுக்கு நான்கு, மூன்று நாளாக. சாப்பாடு வெறும் கஞ்சி.

மருந்தாளர்:
ஐஎன்ஆர் ஏறியதில் அதற்கும் பங்குண்டு. 2.6 கிராம் ஆகிறதே. தொடர்ந்து சில நாள் 2 கிராமுக்கு மேல் போனால் ஐஎன்ஆர் ஏறும். கஞ்சியில் வைட்டமின் கே கிடையாது, டெங்குவில் கல்லீரலும் அடிபடும். 500 மி.கி. வீதம் நாளுக்கு நான்கோடு நிறுத்துங்கள். வேறெங்காவது அசித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். இரண்டுமே ஐஎன்ஆரை ஏற்றும். வலி மருந்து டைக்ளோஃபினாக் அறவே கூடாது. இடுப்பில் 'காய்ச்சல் ஊசி' எதுவுமே போடக் கூடாது, தசைக்குள் ரத்தம் கட்டும். நிலவேம்பு பிளேட்லெட்டுகள் ஒட்டுவதைத் தடுப்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது, இவருக்கு அதுவும் வேண்டாம்.

ரத்தவியல்:
பழைய ரிப்போர்ட்டையும் தேடுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமே பிளேட்லெட்டைக் குறைக்கும்; வழக்கமாகவே 1,00,000 என்றால் 92,000-க்கு வேறு பொருள். கசிவு இல்லாமல் எண்ணிக்கைக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்ற வேண்டாம். எண்ணிக்கை குறைந்தால் ரத்தம் உறையாது என்று இருந்துவிடவும் கூடாது: தொற்றும் மருந்து நிறுத்தமும் சேர்ந்தால் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் உறையும் அபாயம் உண்டு. சிறுநீர் குறைவு, மூச்சுத்திணறல், குழப்பம் வந்தால் உடனே பெரிய மருத்துவமனை.

பிளேட்லெட் 50,000 தாண்டி ஏறுமுகமானதும் அசிட்ரோமைப் பழைய அளவிலேயே தொடங்குங்கள். ஹெப்பாரின் குறைந்தது 5 நாள், ஐஎன்ஆர் 2-க்கு மேல் 24 மணி நேரம் நிற்கும்வரை கூடவே ஓடட்டும். ஐஎன்ஆரை நரம்பு ரத்தத்தில் பாருங்கள். விரல் நுனிக் கருவி இவர்களுக்குத் தப்பாகக் கூட்டிக் காட்டலாம்.