பர்மாத் தமிழர் வாசகசாலைக் குழு: எந்த நூலை யார் கையில் கொடுப்பது?

ஞாயிறு, காலை 7.10
நூலகப் பொறுப்பாளர் அக்கா: அனைவருக்கும் வணக்கம். மழைக்காலம் முழுவதும் பூட்டியிருந்த கோயில் வாசகசாலையை நேற்றுத் திறந்து, நூல்களை வெயிலில் உலர்த்தி அடுக்கினோம். அடுத்த ஞாயிறு முதல் இரவல் கொடுக்கத் தொடங்குகிறோம். உள்ளே வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "எதை எடுக்கட்டும், அக்கா?" என்பதுதான். நீங்கள் விரும்பிப் படித்த ஒரு நூலையும், அது எப்படிப்பட்டவருக்குப் பிடிக்கும் என்பதையும் இங்கே எழுதினால், அட்டையில் எழுதி அந்த நூலுக்குள்ளேயே வைத்துவிடுவேன்.

காலை 7.32
தட்டோன் பெரியப்பா: என் தேர்வு கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த கதை. இன்றும் எடுத்தவர் கீழே வைப்பதில்லை. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையோடு வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கத்தைப் படித்துவிட்டால் போதும், மீதியைக் கதையே இழுத்துக்கொண்டு போகும். எல்லோருக்கும் கொடுக்கலாம்.

காலை 7.50
தமிழ் வகுப்பு ஆசிரியை: பெரியப்பா, அந்த நூலின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்னிடம் எழுத்துக் கூட்டுகிறார்கள். போன வாரம் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி 'கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல்லின் கீழ் விரலை வைத்து, நான்கு முறை நின்று நின்று வாசித்து முடித்தாள். முடித்தபோது நெற்றியில் வியர்வை. அவளிடம் ஐந்து பாகங்களை அடுக்கிக் காட்டினால் அடுத்த வாரம் வரமாட்டாள். அவளுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'வைத்தான் கொடுப்பேன். ஒரே மூச்சில் படிக்கக்கூடிய மெல்லிய நூல் அது. ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு மாணவியைப் பற்றி அவளுடைய ஆசிரியையே சொல்வது. முடிவு மனத்தை உலுக்கும் என்பதால், படித்து முடித்த பிள்ளையோடு நான் உட்கார்ந்து பேசுவேன்.

காலை 8.15
தட்டோன் பெரியப்பா: நீ சொல்வது நியாயம், அம்மா. யோசித்துப் பார்த்தால் நானே அதைக் கண்ணால் படிப்பதற்கு முன் காதால் கேட்டவன். அப்பா விளக்கடியில் அமர்ந்து உரக்க வாசிப்பார், நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். உன் வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் கொடு. முதல் பாகத்தை நான் வாசித்துக் காட்டுகிறேன். மேலே என்ன ஆயிற்று என்று எந்தப் பிள்ளைக்குப் பொறுக்கவில்லையோ, அது தானாக நூலைக் கேட்கும்.

காலை 8.21
கல்லூரித் தம்பி: எனக்கு அந்த ஆசையை உண்டாக்கியது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும் இடங்களுக்காகவே இரண்டு முறை படித்தேன். என் வயதுக்காரர்களுக்கு அதைக் கொடுங்கள், அக்கா.

காலை 8.40
கடைத்தெரு சித்தி: கதை வேண்டாதவர்களுக்கும் ஒன்று இருக்கட்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. என் மாமியாரின் பழைய பிரதியில் ரசப்பொடிப் பக்கம் மட்டும் மஞ்சள் ஏறி, கண்ணாடித் தாள்போல் எண்ணெய் ஊறியிருக்கிறது. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

காலை 9.05
அச்சக அண்ணன்: நம் மண்ணோடு தொடர்புள்ள நூல்களுக்குத் தனித் தட்டு ஒன்று ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வெ. சாமிநாத சர்மா 1932இல் இரங்கூனுக்கு வந்து, 1937இல் இங்கேயே 'ஜோதி' இதழைத் தொடங்கி நடத்தியவர். 1942இல் சப்பானியக் குண்டுகளுக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கி நடந்தபோது, அவரும் மனைவி மங்களமும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த நடையைத்தான் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்ற நூலாக எழுதினார். நம் வீடுகளில் "நடந்து போன காலம்" என்று ஒரு வரியில் சொல்லி நிறுத்திவிடுகிறார்களே, அதன் முழு விவரத்தையும் அங்கே காணலாம். அந்தத் தலைமுறையில் யாரேனும் நடந்தோ, நடக்காமல் இங்கேயே தங்கியோ இருந்த குடும்பங்கள்தாம் நாம் எல்லோரும். ஆகவே பெரியவர், சிறியவர் என்று பார்க்காமல் இதைக் கொடுக்கலாம். குடிபெயர்வை வேறொரு கோணத்தில் பார்க்க விரும்புகிறவருக்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' பொருந்தும். ஊர்விட்டு ஓடிவந்த தெலுங்குக் குடும்பங்கள் கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய கதையை அதில் ஒரு பாட்டி சொல்கிறாள். நான் அதைப் படித்தபோது எங்கள் ஆத்தாவின் குரலே கேட்டது.

காலை 9.30
ஓய்வுபெற்ற ஐயா: பொறுமையுள்ள வாசகருக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் விகடனில் தொடராக எழுதி, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர் என்று அவரிடம் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசையாமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தப் பகுதியை அட்டையில் குறிப்பிடுங்கள். நூல் பெரிது என்று அஞ்சுகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

காலை 10.10
நூலகப் பொறுப்பாளர் அக்கா: எல்லோருக்கும் நன்றி, அட்டைகளை இன்றே எழுதுகிறேன். ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. சர்மாவின் வழிநடை நூலில் நம்மிடம் இருந்த ஒரே பிரதியைக் கரையான் அரித்துவிட்டது. எடுத்தபோது முதல் நாற்பது பக்கங்கள் கையில் மண்ணாக உதிர்ந்தன. யாரிடமேனும் வேறு பிரதி இருக்கிறதா?

காலை 10.18
தட்டோன் பெரியப்பா: என்னிடம் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து உள்ளே இருப்பதால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. வாசகசாலையிலேயே அமர்ந்து படிப்பதென்றால் ஞாயிறன்று கல்கியோடு அதையும் கொண்டுவருகிறேன்.

காலை 10.20
அச்சக அண்ணன்: உதிர்ந்துபோன நாற்பது பக்கங்களை மட்டும் படியெடுத்து, நம் பிரதியோடு சேர்த்துத் தைத்துத் தருகிறேன், பெரியப்பா. உங்கள் நூலின் முதுகு மடியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.