'நம்ம வம்சம்' குழுவில் இன்று காலை

பெரிய மாமா: [பலமுறை முன்னனுப்பப்பட்டது] சிலருக்குப் பிறவியிலேயே எச்ஐவி தொற்றாது!! மரபணு ரகசியம்!! அனைவருக்கும் பகிரவும் 🙏

சித்தி: காலங்காத்தால இதுவா அண்ணே

கவிதா அக்கா: முழுப் பொய் இல்ல மாமா. ஆனா ரகசியமும் இல்ல, 1996லயே கண்டுபிடிச்சாச்சு. வைரஸ் வெள்ளணுக்குள்ள நுழைய ரெண்டு பிடி வேணும். ஒண்ணு சிடி4, இன்னொண்ணு பெரும்பாலும் சிசிஆர்5. சில பேருக்கு அந்த சிசிஆர்5 மரபணுல 32 எழுத்து விட்டுப்போயிருக்கும். பிடி அணு மேல வரவே வராது

செந்தில்: கதவு இருக்கு, கைப்பிடி இல்ல

கவிதா அக்கா: அதேதான். ஆனா அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் வந்திருக்கணும். ஒரு பக்கம் மட்டும்னா தொத்தும், நோய் முத்த கொஞ்சம் நாளாகும்

பெரிய மாமா: நம்ம வீட்ல டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா? எதுவும் அண்டாத வம்சம் நம்மது

சித்தி: சுகர் மட்டும் அண்டும் 😂

கவிதா அக்கா: வடக்கு ஐரோப்பாவுலயே நூத்துல ஒருத்தருக்குத்தான் ரெண்டு பக்கமும். நம்ம ஊர்ல கிட்டத்தட்ட கிடையாது. காசு தண்டம்

அம்மா: ஜெர்மனில ஒருத்தருக்குக் குணமாச்சுன்னு படிச்சேனே?

கவிதா அக்கா: டிமத்தி ரே பிரவுன். அவருக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்துச்சு. பெர்லின்ல டாக்டர் கெரோ ஹ்யூட்டர், ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உண்டாக்குற மூல அணு, பொருந்துற ஆளுங்கள்ல இந்த 32 ரெண்டு பக்கமும் இல்லாதவரா பாத்துத் தேடிப் பிடிச்சாரு. அவரோட செல்லை பிரவுனுக்கு ஏத்துனாங்க, 2007ல ஒரு தடவை, 2008ல மறுபடி. வைரஸ் திரும்பவே இல்ல. 2020ல புற்றுநோய் திரும்பி வந்துதான் இறந்தாரு

செந்தில்: அப்ப எல்லாருக்கும் அதையே பண்ணலாமே

கவிதா அக்கா: உயிர் போற வைத்தியம்டா அது. புற்றுநோய்க்காகத்தான் துணிஞ்சாங்க. தினம் மாத்திரை போட்டாலே வைரஸ் அடங்கிக் கிடக்கு. மராவிராக்னு ஒரு மாத்திரை அந்த சிசிஆர்5ஐயே அடைக்குது. சீனாவுல ஒருத்தர் கருவுலயே அந்த மரபணுவை வெட்டினாரு, 2018ல வெளிய வந்துச்சு. மூணு வருஷம் ஜெயில்

பெரிய மாமா: சரி, அந்த மாற்றம் உள்ளவங்களுக்குப் பயமே இல்லதானே?

கவிதா அக்கா: இருக்கு மாமா. சிஎக்ஸ்சிஆர்4னு வேற பிடி வழியா நுழையுற ரகமும் உண்டு. அவங்கள்லயும் தொத்துன ஆளுங்க இருக்காங்க. கொசு பரப்புற வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தா அவங்களுக்குத்தான் கடுமையாகும்

பெரிய மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: அண்ணே, கோயில் கமிட்டி குரூப்ல இன்னும் இருக்கு