ஒரு வார மலைப் பயணத்துக்கு இ-பைக்கா, சாதாரண மவுண்டன் பைக்கா?

கேள்வி:
வணக்கம். நானும் அக்காவும் ஒரு வாரம் மலைப்பாதையில் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். தினமும் 45 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1,200 மீட்டர். அக்கா வாரம் தவறாமல் ஓட்டுபவர். எனக்கு நீண்ட ஏற்றத்தில் முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். இ-பைக் (மிதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து தள்ளும் சைக்கிள்), சாதாரண பைக் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கிறது. 500 வாட் அவர் (Wh, பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) பேட்டரி ஒரு நாள் தாங்குமா? இருவரும் ஒரே வகை எடுக்க வேண்டுமா?

பதில் 1:
ஒரே வகை தேவையே இல்லை. நீங்கள் இ-பைக் எடுங்கள், அக்கா சாதாரண பைக்கில் வரட்டும். நானும் என் கணவரும் அப்படித்தான் போகிறோம், அவர் இ-பைக்கில். முன்பு ஒவ்வொரு வளைவிலும் நான் நின்று காத்திருப்பேன். இப்போது ஏற்றத்திலும் பேசிக்கொண்டே போகிறோம். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பேட்டரி விஷயம்: நீங்கள், பைக், பை எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1,200 மீட்டர் ஏற்ற மட்டும் சுமார் 340 வாட் அவர் வேண்டும். பாதி வேலையை உங்கள் கால் செய்தால், மோட்டாரில் வீணாவது, கரடுமுரடான பாதை எல்லாம் சேர்த்தும் 500 போதும். எப்போதும் டர்போவிலேயே, அதாவது மோட்டார் அதிகபட்சமாக உதவும் நிலையிலேயே, வைத்தால் போதாது. குளிரில் இன்னும் குறையும்.

அப்புறம், இரவு தங்கும் ஒவ்வொரு இடத்திலும் மின்சாரம் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். 4 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மதியம் சாப்பிடும் நேரத்தில் ஏற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

பதில் 2:
எடையை மறந்துவிடாதீர்கள். இ-பைக் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ; சாதாரணமானது 13, 15தான். விழுந்த மரத்தைத் தாண்டித் தூக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். பாதையில் இ-பைக்குக்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள், சில இடங்களில் தடை இருக்கிறது. சொந்த இ-பைக்கோடு விமானத்தில் போவதும் நடக்காது. பயணிகள் விமானத்தில் 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை ஏற்றமாட்டார்கள். வாடகை என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தடை இல்லை, தங்குமிடங்களில் மின்சாரமும் உண்டு. ஓரிடத்தில் மட்டும் செங்குத்தான கல்படி இருக்கிறது. மோட்டார் இருந்தால் முழங்கால் வலி வராதுதானே?

பதில் 1:
அப்படிச் சொல்ல முடியாது. மோட்டார்தான் இருக்கிறதே என்று கனமான கியரில் அழுத்தி மிதித்தால் வலி வரத்தான் செய்யும். லேசான கியருக்கு மாறி, நிமிடத்துக்கு 70, 80 சுற்றாவது கால் சுழலும்படி மிதியுங்கள். மோட்டாரும் அந்த வேகத்தில்தான் நன்றாக இழுக்கும். சீட் தாழ்வாக இருந்தாலும் முழங்காலுக்குக் கேடு, வாடகைக் கடையிலேயே உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வலி தொடர்ந்து இருந்தால் போவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படியில் பேட்டரியைக் கழற்றி முதுகுப்பையில் வையுங்கள், ஏறக்குறைய 3 கிலோ குறையும். மீதியை நீங்களும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கலாம்.