புதுப்பிப்பு: முன் ஆக்சில் உடைந்த ஜீப் ஓடையை விட்டு வெளியே வந்தாச்சு

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பாறை ஓடையில் வலது முன் ஆக்சில் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) யூ-ஜாயின்ட், அதாவது அதன் இரு பாதிகளை இணைக்கும் மூட்டு, வெடித்தது, டை ராட் (இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் குழாய்) வளைந்தது, முன் சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. உதவிக்கு இரண்டு வண்டிகள் வந்தன.

முந்தைய பதிவைப் படித்த சிலர், கைனெடிக் கயிறு (ரப்பர் போல நீண்டு இழுக்கும் மீட்புக் கயிறு) போட்டு வெடுக்கென்று இழுக்கச் சொன்னீர்கள். செய்யவில்லை. சக்கரம் கோணிய வண்டியை அப்படி இழுத்தால் மிச்சமிருக்கும் பால் ஜாயின்டும் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) போய்விடும்.

முதலில் டை ராட். கழற்றி, இரண்டு பாறைகளுக்கு மேல் வைத்து, ஜாக்கால் அழுத்தி நிமிர்த்தினோம். ஒருமுறை மடங்கிய குழாய் அதே இடத்தில் மறுபடி மடங்கும் என்பதால், ஆங்கிள் இரும்பை ஒட்டவைத்து நான்கு யூ-போல்ட்டால் இறுக்கினோம்.

அடுத்து ஷாஃப்ட். ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) கழற்றி, ஷாஃப்டின் உள்பாதியை உருவியாச்சு. வெளிப்பாதியான குட்டைத் துண்டை (ஸ்டப்) மட்டும் திரும்ப மாட்டி, அதன் நட்டை முழு டார்க்கில் (குறிப்பிட்ட முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும். சக்கரம் சுழலும் யூனிட் பேரிங்கைச் சேர்த்துப் பிடிப்பதே அதுதான். இதை மறந்தால் சக்கரமே கழன்று ஓடும். ஆயில் ஒழுகாமலிருக்க ஆக்சில் குழாய்க்குள் துணியைத் திணித்தோம். முன் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் எடுத்துவிட்டதால், 4-லோ (நான்கு சக்கர இழுவை, லோ கியர்) போட்டாலும் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை, அதுவும் லோ கியரில். நமக்குத் தேவையும் அதுதான்.

பிறகு வண்டியை வெளியே இழுக்க, வின்ச் (கயிறு சுருட்டி இழுக்கும் கருவி) கயிற்றை ஸ்னாட்ச் பிளாக்கில் (திறந்து மூடும் கப்பி) சுற்றி இரட்டையாக்கினோம்: இழுவை கிட்டத்தட்ட இரு மடங்கு, வேகம் பாதி. கயிறு அறுந்தால் துள்ளாமலிருக்க, அதன் மேல் ஈரச் சாக்கு. டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) ஷாக்கிளோ (இரும்பு வளையம்) பட்டையோ மாட்டாதீர்கள், உடைந்தால் அந்த உருண்டை பீரங்கிக் குண்டு.

புது ஷாஃப்ட் வந்ததும், நக்கிள் ஆர்மும் (டை ராட் மாட்டும் கை) வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.