நுழைவு வளைவுக்கு முன் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்கான நிதியைப் பற்றி

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கலுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று ஷார்ஜா அண்ணன் எழுதிய மடலைப் படித்தேன். நம் ஊர்ச் சங்கத்தில் இந்த வருடம் சேர்ந்திருக்கும் பணத்தில் ஊர்ப் பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டலாம், மீதியில் ஆண்டு விழாவன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பையும் நோட்டும் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. ஊருக்காக இத்தனை வருடம் அலைந்தவர் அவர். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் மனசு இதற்கு ஒப்பவில்லை.

நோட்டு, பை, புத்தகம், சீருடை, காலணி எல்லாம் அரசே கொடுக்கிறது. மதிய உணவு நம் காலத்திலேயே இருந்தது. காலை உணவும் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கட்டடம் வேண்டுமென்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகக் கேட்கலாம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நாம் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். நெய்வேலி நிறுவனத்தின் சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்பு நிதிக்கும் எழுதிப் பார்க்கலாம். கல்வெட்டில் பேர் போடுகிற மாதிரியான வேலைக்குப் பணம் தர எப்போதும் யாராவது இருக்கிறார்கள். யாருமே பணம் தராத வேலை ஒன்று ஊரில் இருக்கிறது, அதற்கு நாம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிற செவிலியர் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உடல்நலத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு திட்டம் 2013 முதல் இருக்கிறது. மருத்துவக் குழு ஒன்று வண்டியில் வந்து, அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு முறையும் பள்ளியில் ஒரு முறையும் பிள்ளைகளைப் பார்க்கும். கண், காது, பல், இதயம், பிளவு உதடு, வளைந்த பாதம், ரத்தசோகை, பேச்சு வராதது என்று பிறப்பிலிருந்து 18 வயது வரைக்குமான குறைகளைத் தேடுவார்கள். ஏதாவது தெரிந்தால் சீட்டு எழுதி மாவட்ட மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய இடத்துக்கோ அனுப்புவார்கள். சிகிச்சைக்குப் பணம் கிடையாது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்தச் சீட்டு தாயின் கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

போன விடுமுறையில் கீழத்தெருவில் ஒரு குழந்தையைப் பார்த்தேன். இரண்டு வயதிருக்கும். பிறவியிலேயே ஒரு பாதம் உள்பக்கம் திரும்பியது. இதற்குப் பொன்செட்டி முறை என்று நல்ல வைத்தியம் இருக்கிறது. பிறந்த சில வாரத்திலேயே தொடங்கி, வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு வாரம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக நேராகும். கடைசியில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு. அப்புறம் நடுவில் கம்பி வைத்த செருப்பு ஒன்றை மூன்று மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்கவும், அதன் பிறகு நாலு வயது வரை தூங்கும்போதும் மாட்ட வேண்டும். இந்தச் செருப்பை விட்டுவிட்டால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். மாவுக்கட்டுக்குப் பட்ட பாடெல்லாம் வீண்.

அந்தக் குழந்தைக்கு அதுதான் நடந்திருந்தது. பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடந்தாள், அந்த இடத்தில் தோல் காய்த்துப்போயிருந்தது. செருப்பு பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் கிடந்தது. அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, அதன்மேல் சாம்பல் பூசியிருந்தாள். “மாவுக்கட்டுக்கு ஒரு வாரம்கூட விடாமப் போனேங்கா. அப்புறம் செருப்பு பத்தாமப் போச்சு, வேற அளவு தர்றோம் வாங்கன்னாங்க. பெரியவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? ஒரு நாள் கூலி போச்சுன்னா அந்த வாரமே இடிக்குது” என்றாள். எனக்கு விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லை. வைத்தியம் பற்றி நான் சொல்லியிருக்கக் கூடியது எல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. செருப்பும் அங்கே இலவசம்தான்.

நாம் அறியாமை, அலட்சியம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உடைக்கிற எடைக்குத்தான் கூலி என்றால், பண்ருட்டியிலிருந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போய்வரும் நாளில் வருமானம் பூஜ்யம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். விடிகாலையில் கிளம்பினால் சாப்பாட்டுச் செலவு. பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசை, எந்த மாடி, சீட்டில் யார் சீல் வைப்பது என்று கேட்டுக் கேட்டு அலைய வேண்டும். இரண்டு முறை அப்படி அலைந்துவிட்டு மூன்றாம் முறை போகாமல் விட்டவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

இது பாதத்துக்கு மட்டும் இல்லை. மாறுகண்ணோ ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவோ இருக்கும் பிள்ளைக்கு ஏழு வயதுக்குள் கவனித்தால் பலன் அதிகம், தள்ளிப்போடப் போட அந்தக் கண் சோம்பிவிடும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை காப்பீட்டில் 6 வயதுக்குள்தான். பொருத்திய பிறகும் பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் போய்வர வேண்டும். பயிற்சிக்குப் போகாவிட்டால் அத்தனை விலையுள்ள கருவி இருந்தும் பேச்சு வராது.

அதனால் நான் கேட்பது துணைச் செலவுக்கு ஒரு நிதி. சீட்டு வாங்கிய பிள்ளையின் தாய்க்கோ தகப்பனுக்கோ பஸ் செலவு, சாப்பாடு, அன்றைய கூலி. கூடவே ஆஸ்பத்திரி வழி தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புவது. மகளிர் குழுவில் இருக்கும் யாருக்காவதோ, டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் ஊர்ப் பெண் பிள்ளைக்கோ மாதம் ஒரு தொகை கொடுத்து இந்தப் பொறுப்பைத் தரலாம். எந்தப் பிள்ளைக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள் என்பது அங்கன்வாடி டீச்சருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் தெரியும். அவர்கள் தாயிடம் சொன்னால் போதும், தாய் விரும்பினால் நம் துணைப் பெண்ணைத் தேடி வரட்டும். பணத்தைக் கிளம்புவதற்கு முந்தின நாளே கையில் கொடுத்துவிட வேண்டும். பில் கொண்டுவா, பிறகு தருகிறோம் என்றால் கடன் வாங்கித்தான் போவாள், இல்லையென்றால் போகவே மாட்டாள். ஒரு பயணத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால்கூட, ஆறு மாவுக்கட்டுக்கு 6,000 ரூபாய். அப்புறம் செருப்பு மாற்ற வருடத்தில் சில பயணம். வளைவுக்குச் சொல்லியிருக்கும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள்.

பிள்ளையைத் தனியாகத் துணைப் பெண்ணோடு அனுப்பக் கூடாது, பெற்றவர்களில் ஒருவர் கண்டிப்பாகக் கூட இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: போட்டோ வேண்டாம். காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய், கட்டுப் போட்ட குழந்தை, எதுவும் இந்தக் குழுவுக்கு வரக் கூடாது. பேரும் வேண்டாம். நாளைக்கு அந்தப் பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்து போகும்போது யாரும் “இவளுக்குத்தான் நாம பணம் கட்டினோம்” என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. கணக்கு பக்காவாக வரட்டும். எத்தனை பயணம், எவ்வளவு செலவு என்பது போதும்.

படிப்பிலும் இதே கதைதான். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அதற்குள் வரும் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்க ஒரு ஆள், பழைய வினாத்தாள் அச்சிடக் கொஞ்சம் பணம், வருடா வருடம் ஆன்லைனில் புதுப்பிக்க மறக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் போதும். புதுப்பிக்கத் தவறினால் தேறிய பிள்ளைக்கும் பணம் நின்றுவிடும். ஆண்டு விழாவில் முதல் மூன்று இடத்துக்குக் கொடுக்கும் பரிசுத் தொகையை இதற்குத் திருப்பிவிடலாம் என்பது என் கருத்து.

கழிவறையைப் பற்றி ஒரு வரி. புதிது கட்ட வேண்டியதில்லை. இருப்பதற்கு மோட்டார் பழுது பார்க்கவும் தினம் சுத்தம் செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் பணம் வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வராததற்கு இதுவே பாதிக் காரணம் என்று நம் ஊர் அம்மாக்கள் என்னிடம் சொன்னார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எது அவசரம் என்பதை அவர்களைக் கேட்டு முடிவு செய்வோம், நாம் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க வேண்டாம்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது இந்தக் குழுவில் கேட்காமலே பணம் வந்தது. அதே மனசு இப்போதும் இருக்கிறது, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளையின் பாதத்துக்கு நாலு வருடம் தொடர்ந்து செலவு இருக்கும். பக்கத்தில் வடலூரில் வள்ளலார் 1867ல் ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது என்றால், அரிசியும் காயும் விறகும் விடாமல் யாராவது கொண்டுவந்து சேர்ப்பதால்தான். நாமும் மாதா மாதம் ஒரு சின்னத் தொகை, குறைந்தது மூன்று வருடத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். முடியாதவர்கள் தாராளமாக விலகலாம், யாரும் காரணம் கேட்கப் போவதில்லை.

சிங்கப்பூர் சித்தப்பா கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சங்கக் கணக்குக்கே அனுப்பலாமா என்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் சம்பாதித்தாலும், தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சங்கம் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் முன் வெளிநாட்டவர்தான். அவர்கள் பணத்தை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க, சங்கம் மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். நாம் அந்த அளவுக்கு இல்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை நம் சங்கத்துக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே பாரீஸ் மாமாவும் அவரைப் போன்றவர்களும், நம் பகுதியில் ஏற்கெனவே பிள்ளைகளுக்காக வேலை செய்கிற, பதிவுள்ள நிறுவனத்துக்கே நேரடியாகக் கொடுக்கட்டும். ஊரில் இருக்கும் தம்பி பேருக்கு அனுப்பி அவன் மூலம் சங்கத்தில் போடுவது போன்ற சுற்று வழி வேண்டவே வேண்டாம். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஊரில் இருக்கும் பொருளாளர்தான்.

பொங்கல் கூட்டத்துக்கு முன் எனக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மாதம் எவ்வளவு முடியும், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, துணைக்குப் போகத் தகுந்த பெண் உங்கள் தெருவில் யாராவது இருக்கிறார்களா. தனி மடலில் எழுதுங்கள். ஷார்ஜா அண்ணனிடம் நாளை நானே போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
பிள்ளையார் கோயில் தெருப் பெண்
மஸ்கட்