ரைசன் 2600, ஜிடிஎக்ஸ் 1060: பார்ட் மாத்துறதா, பெட்டியையே மாத்துறதா?

மின்மினி_22

வணக்கம் மக்களே. இப்போ ஓடுற பிசி இது: ப்ராசஸர் ரைசன் 5 2600 (கூட வந்த கூலர்தான்), பி450 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி ரெண்டு ஸ்டிக், கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க். எல்லாம் 2018-ல வாங்கினது. பயாஸ் (போர்டுலயே இருக்கற, பிசியைக் கிளப்பற மென்பொருள்) அப்டேட் பண்ணினதே இல்ல. விண்டோஸ் 10. மானிட்டர் மட்டும் புதுசு, 1080பி 144 ஹெர்ட்ஸ்.

புது கேம்கள் மீடியத்துல 45 ஃபிரேம் தாண்ட மாட்டேங்குது. ஆன்லைன் ஷூட்டர்ல 100 கிட்ட வருது, ஆனா நாலு பேர் ஒண்ணா சண்டை போட்டா குத்திக் குத்தி நிக்குது. சிலர் கார்டு மட்டும் மாத்துங்கறாங்க, சிலர் மொத்தத்தையும் வித்துட்டு ஏஎம்5 (ஏஎம்டியோட புது ப்ராசஸர் சாக்கெட்) போங்கறாங்க. எது சரி?

தகரடப்பா

வயசைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நீங்க சொன்னது ரெண்டு தனித்தனி பிரச்சினை, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. முதல்ல அளந்து பாருங்க.

ஆஃப்டர்பர்னர், கூடவே ரிவாட்யூனர் போடுங்க, கேம் ஓடும்போதே அளவுகளைக் காட்டற மென்பொருள்கள். ஸ்க்ரீன்ல இதெல்லாம் தெரியணும்: ஜிபியு (கார்டு) யூசேஜ், ஜிபியு மெமரி, ஜிபியு, சிபியு (ப்ராசஸர்) ரெண்டோட டெம்பரேச்சர், சிபியு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை) ஒவ்வொண்ணும் தனித்தனியா, ஃபிரேம்டைம் (ஒரு ஃபிரேம் வர எடுக்கற நேரம்) கிராஃப். வி-சிங்க் (மானிட்டர் வேகத்தோட ஃபிரேமைக் கட்டிப்போடற செட்டிங்), ஃபிரேம் லிமிட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுதான் பார்க்கணும். லிமிட் இருந்தா கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், நீங்க ப்ராசஸர்மேல பழி போடுவீங்க.

ஜிபியு 97-99% ஒட்டியே இருந்தா கார்டு தடுக்குது. 70%-க்கு கீழ விழுந்து ஃபிரேமும் விழுந்தா ப்ராசஸர் பக்கம் தடை. சந்தேகம் தீரலன்னா ரெசல்யூஷனை 720பி ஆக்குங்க. ஃபிரேம் ஏறினா கார்டு, ஏறலன்னா ப்ராசஸர். டாஸ்க் மேனேஜர்ல மொத்த சிபியு 45% காட்டுதுன்னு நிம்மதியா இருக்க வேண்டாம். உங்களுக்கு 12 த்ரெட். ஒரு த்ரெட் முழுசா நிரம்பினாலும் மொத்தத்துல அது 8% தான். கேமோட மெயின் த்ரெட் அந்த ஒண்ணுலதான் மாட்டிக்கும்.

இன்னொண்ணு, சிபியு-இசட் மென்பொருள்ல மெமரி டேப் திறந்து டிராம் ஃப்ரீக்வென்சி பாருங்க. 3200 ரேம்னா 1600 பக்கம் இருக்கணும், அது பாதியைத்தான் காட்டும். 1066-னு இருந்தா உங்க ரேம் இத்தனை வருஷமா 2133-லயே ஓடிட்டு இருக்கு.

சாக்கெட்_சாமி

இவ்வளவு மெனக்கெடணுமா? உங்க போர்டுல இருக்கற ஏஎம்4 முடிஞ்சுபோன சாக்கெட். 2600-க்கு இன்னும் செலவு பண்றது வேஸ்ட். ஏஎம்5 போர்டு போட்டா அடுத்த தலைமுறை ப்ராசஸரும் அதே போர்டுல உட்காரும். விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட போச்சு.

தகரடப்பா

@சாக்கெட்_சாமி ஏஎம்5 போனா போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 ரேம் மூணையும் ஒரே நேரத்துல வாங்கணும். இவரோட டிடிஆர்4 அதுல ஏறாது. மூணுக்கும் காசு போட்ட பிறகு 1060-ஐயே வச்சிருந்தா புது கேம்ல அதே 45 ஃபிரேம்தான்.

சாக்கெட் முடிஞ்சதுங்கறது வேற, உங்க போர்டுக்கு வழி முடிஞ்சதுங்கறது வேற. 2600-லிருந்து ரைசன் 5000 சீரிஸுக்கு அதே போர்டுல போகலாம். எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 2600-ல மொத்தம் 16 எம்பி, அதுவும் மூணு கோருக்கு 8, மூணு கோருக்கு 8-னு பிரிஞ்சு கிடக்கு. இந்தப் பக்கம் இருக்கற கோர் அந்தப் பக்கத்து டேட்டாவைத் தொடணும்னா சுத்திக்கிட்டு போகணும். 5600-ல 32 எம்பி ஒரே குளமா ஆறு கோருக்கும். 5700எக்ஸ்3டி-ல 96 எம்பி. சண்டை நடக்கும்போது குத்துற ஷூட்டருக்கு இது நேரடியா உதவும்.

விண்டோஸ் 11 லிஸ்ட்ல 2600-ம் இருக்கு. பயாஸ்ல எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கற பாதுகாப்பு வசதி) ஆன் பண்ணணும், அவ்வளவுதான். ஆனா பழைய பயாஸ்ல எஃப்டிபிஎம் ஆன் பண்ணா அப்பப்போ ஒரு நொடி எல்லாமே உறையுற கோளாறு உண்டு. ஏஜீசா (பயாஸுக்குள்ள ஏஎம்டி தர்ற பகுதி) 1.2.0.7-ல அதைச் சரி பண்ணிட்டாங்க, அதனால பயாஸ் முதல்ல.

பெட்டியையே மாத்தணும்னா யாருக்கு? டிடிஆர்3 ஓட்டுறவங்க, நாலு கோர் இன்டெல் 7-வது தலைமுறை வரைக்கும் வச்சிருக்கறவங்க (விண்டோஸ் 11 லிஸ்ட்லயும் கிட்டத்தட்ட எதுவும் இல்ல), தனக்குன்னு தனி வடிவ போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டு வந்த ரெடிமேட் பெட்டிக்காரங்க. இவர் அதுல எதுவும் இல்ல.

வோல்ட்டேஜ்

எல்லோரும் கார்டு, ப்ராசஸர் என்றே பேசுகிறீர்கள். 2018-இல் வாங்கிய எஸ்எம்பிஎஸ் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பக்கவாட்டு லேபிளில் 550 என்ற பெரிய எண்ணை விட்டுவிடுங்கள், 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 42 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் 504 வாட் கிடைக்கும், நல்லது. 30 ஆம்பியர் என்றிருந்தால் 360 வாட்தான், 550 என்பது பெயருக்கு. வாரண்டி காலமும் பாருங்கள். முடிந்திருந்தால் புது கார்டை அதில் மாட்டாதீர்கள். சராசரி வாட் கணக்கு சரியாக வந்தாலும், கார்டு மில்லி நொடிக் கணக்கில் அதைவிட மிக அதிகமாக இழுக்கும். கெப்பாசிட்டர் களைத்துப்போன யூனிட் அந்த நேரத்தில் கைவிடும். அறிகுறி: கனமான காட்சியில் ப்ளூ ஸ்க்ரீன்கூட வராமல் பிசி அப்படியே அணைந்துவிடும், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

1060-க்கு 6 பின் போதும். புது கார்டுகளில் பெரும்பாலும் குறைந்தது ஒரு 8 பின் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் 6+2 கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்டா பவரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் பக்கம் போகவே வேண்டாம். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 8 பின் கேட்பது 150 வாட் வரை. பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான்.

எட்டு_லேன்

கார்டு எடுக்கும்போது பி450-ல ஒரு பொறி இருக்கு. உங்க ஸ்லாட் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசற பாதை) 3.0, ப்ராசஸர் மாத்தினாலும் 3.0 தான். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ எல்லாமே எட்டு லேன் (டேட்டா போற தடம்) கார்டு. 4.0-லயோ 5.0-லயோ எட்டு லேன் போதும். 3.0-ல அது நொடிக்கு சுமார் 8 ஜிபி ஆயிடும்.

கார்டோட மெமரிக்குள்ள கேம் அடங்கற வரை வித்தியாசம் சொற்பம். 8 ஜிபி நிரம்பி வழிஞ்சா, மிச்ச டெக்ஸ்சர் எல்லாம் இந்த 8 ஜிபி குழாய் வழியாத்தான் ரேம்லிருந்து வரணும். சராசரி ஃபிரேம் பெருசா குறையாது, ஆனா 1% லோ (ரொம்ப மோசமான 1% நேரத்துல வர்ற ஃபிரேம்) தரைக்குப் போயிடும். ரிவ்யூல புது போர்டுல சோதிச்ச நம்பரை நம்பி பழைய போர்டுல மாட்டினவங்க புலம்பறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால உங்களுக்கு பதினாறு லேன் கார்டு, இல்லன்னா எட்டு லேனா இருந்தாலும் 8 ஜிபிக்கு மேல மெமரி. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி பதினாறு லேன், 160 வாட். பழைய கார்டு வாங்கறதா இருந்தா ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, அதுவும் பதினாறு லேன், 170 வாட். 6500 எக்ஸ்டி வேண்டவே வேண்டாம், நாலு லேன், 4 ஜிபி.

1060-ஐ இழுத்துப் பிடிக்கறதுல அர்த்தமில்ல. ரே ட்ரேசிங் (ஒளி போற பாதையைக் கணக்குப் போட்டு வரையறது) ஹார்டுவேர் கட்டாயம்னு கேட்கற கேம்கள் வந்தாச்சு, 2025-ல வந்த டூம்: த டார்க் ஏஜஸ் அப்படித்தான். என்விடியாவும் 2025 அக்டோபரோட 1060 தலைமுறைக்கு கேம் ரெடி டிரைவரை நிறுத்திடுச்சு. 2028 அக்டோபர் வரை செக்யூரிட்டி அப்டேட் மட்டும்.

மின்மினி_22

அளந்துட்டேன்.

புது சிங்கிள் ப்ளேயர் கேம், 1080பி மீடியம்: 46 ஃபிரேம், ஜிபியு 99%, மெமரி 5.8 ஜிபி. 720பி-ல 71.
ஷூட்டர்: சராசரி 98, 1% லோ 52, ஜிபியு 58-65%, ஒரு த்ரெட் எப்பவும் 95%-க்கு மேல. 720பி-லயும் அதே 98.
ப்ராசஸர் 78 டிகிரி, கார்டு 72.
ரேம் தகரடப்பா சொன்ன மாதிரியே 1066! எக்ஸ்எம்பி (ரேமை அதோட லேபிள் வேகத்துல ஓட்டற பயாஸ் செட்டிங்) போட்டேன், 3200-ல பிசி பூட்டே ஆகல, மூணு தடவை ஆன்-ஆஃப் ஆகி பழைய செட்டிங்குக்கே போயிடுச்சு. ரேம் பழுதா?
எஸ்எம்பிஎஸ் லேபிள்ல 12 வோல்ட் 38 ஆம்பியர். வாரண்டி 5 வருஷம், முடிஞ்சிடுச்சு.

தகரடப்பா

ரேம் பழுதுன்னு சொல்ல முடியாது. 2600-க்கு ஏஎம்டி சொல்ற உச்சம் 2933, அதுக்கு மேல ஓடினா அதிர்ஷ்டம். எக்ஸ்எம்பி-யை ஆன்ல வச்சுட்டு மெமரி ஃப்ரீக்வென்சியை மட்டும் 2933-னு இறக்குங்க. அப்புறம் மெம்டெஸ்ட்86 (ரேமைச் சோதிக்கற மென்பொருள்) ஒரு முழு ரவுண்டு விடுங்க. ரைசன்ல கோர்களை இணைக்கற பாதையோட வேகம் ரேம் வேகத்தோட கட்டிப்போட்டது, அதான் 2133-ல இவ்வளவு அடி வாங்கியிருக்கு. காசில்லாம கிடைக்கற அப்கிரேடு இது, ஷூட்டரை உடனே திரும்ப அளந்து பாருங்க. ஸ்டிக் ரெண்டும் ப்ராசஸர்லிருந்து எண்ணினா 2-வது, 4-வது ஸ்லாட்ல இருக்கணும்.

உங்க நம்பர்ல ரெண்டு தடையும் உண்மைன்னு தெரியுது, முதல்ல கார்டு. காரணம், நாளைக்கே ஏஎம்5 போனாலும் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே வரும். ஏஎம்4 ப்ராசஸர் வராது. கார்டு மாட்டி, பயாஸ் ஏத்தி, 2933-ல ஷூட்டரைப் பாருங்க. இன்னும் குத்தினா 5600. 144-ஐ ஒட்டியே வேணும்னா 5700எக்ஸ்3டி, ஆனா அது டப்பால கூலர் இல்லாம வரும், 105 வாட், உங்க சின்ன கூலர் தாங்காது.

ப்ராசஸருக்கு மேல போர்டும் மாத்தலாமேன்னு தோணுச்சுன்னா அங்கேயே நிறுத்திடுங்க, அந்தக் காசு ஏஎம்5-க்குத்தான் போகணும். கேமை ஹார்டு டிஸ்க்லிருந்து ஓட்டறதையும் விடுங்க. புது கேம் பலதும் எஸ்எஸ்டி கட்டாயம்னே போடறாங்க. எம்.2 ஸ்லாட்ல (போர்டுலயே நேரா எஸ்எஸ்டி மாட்டற இடம்) ஒரு 1 டிபி போதும். ரெண்டாவது எம்.2-ல போட்டா சில பி450 போர்டுல ரெண்டு சாட்டா போர்ட் அணைஞ்சுடும், மேனுவல் பாருங்க.

சாக்கெட்_சாமி

சரி, நம்பரைப் பார்த்தா கார்டு முதல்லங்கறது ஒத்துக்கறேன். ஆனா 1440பி மானிட்டரும் வாங்கற யோசனை இருந்தா 5700எக்ஸ்3டி-க்குப் பதிலா பொறுத்திருந்து ஏஎம்5 போறதுதான் என் பக்கம்.

எட்டு_லேன்

1440பி-ல சுமை கார்டு பக்கம் கூடும், ப்ராசஸர் வித்தியாசம் குறையும். நீங்க சொல்றதுக்கு எதிர்த் திசைல போகுது சாமி.

பயாஸ் ஏத்தறப்போ மாட்டிக்கற இடங்கள் சொல்லிடறேன். 2600 உள்ள இருக்கும்போதே ஏத்தணும், புது ப்ராசஸர் மாட்டின பிறகு பழைய பயாஸ்ல டிஸ்ப்ளேயே வராது. போர்டோட சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல 5600-க்கு நேரா குறைஞ்சபட்ச வெர்ஷன் போட்டிருப்பாங்க. 2018 பயாஸ்லிருந்து நேரா தாண்ட முடியாத போர்டும் உண்டு, நடுவுல ஒரு வெர்ஷன் ஏத்தச் சொல்லி அதே பக்கத்துல எழுதியிருக்கும், அதை படிக்காமதான் நிறைய பேர் மாட்டறாங்க. பயாஸ் ஃபைல் போடற பென்டிரைவை எஃப்ஏடி32-ல ஃபார்மேட் பண்ணிக்குங்க. பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருந்தா முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணி ரெகவரி கீயை வேற இடத்துல வைங்க. முடிஞ்சதும் எக்ஸ்எம்பி, ஃபேன் கர்வ் எல்லாம் ரீசெட் ஆகியிருக்கும்.

அப்புறம் பயாஸ்ல சிஎஸ்எம் (பழைய பாணி பூட்) ஆஃப், ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரேயடியா அணுக விடறது) ஆன். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர்-ல (டிஸ்க்கைப் பிரிக்கற பழைய முறை) இருந்தா சிஎஸ்எம் ஆஃப் பண்ணதும் பூட் ஆகாது, அதுக்கு முன்னாடி ஜிபிடிக்கு (புது முறை) மாத்திக்கணும். விண்டோஸ்லயே எம்பிஆர்டூஜிபிடி இருக்கு, பேக்கப் எடுத்துட்டு செய்ங்க.

ப்ராசஸர் கழட்டறப்போ, பிசியை பத்து நிமிஷம் கேம்ல சூடாக்கி, அணைச்சு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு உடனே கூலரைத் தொடுங்க. ஸ்க்ரூ நாலையும் மாத்தி மாத்தி தளர்த்தி, கூலரை இடமும் வலமுமா திருகி அப்புறம்தான் தூக்கணும். ஏஎம்4-ல பின் ப்ராசஸர்ல இருக்கு. கூலருக்கு அடியில இருக்கற பேஸ்ட் காய்ஞ்சு ஒட்டியிருந்தா, லீவர் பூட்டியே இருந்தாலும் ப்ராசஸர் கூலரோட பிடுங்கிக்கிட்டு வந்துடும், பின் வளையும். டவர் கூலர் வாங்கினா, போர்டோட வந்த பிளாஸ்டிக் பிடிப்பு ரெண்டும் தேவைப்படலாம், தேடி எடுத்து வைங்க. ஸ்க்ரூ கழட்டினதும் பின்பக்கத் தகடு கழண்டு விழும், ஒரு கை அங்க இருக்கட்டும்.

கார்டு மாத்தும்போது டிடியு-வை (டிரைவரை அடியோட நீக்கற மென்பொருள்) சேஃப் மோடுல ஓட்டி பழைய டிரைவரைத் துடைங்க. நெட்டை அதுக்கு முன்னாடியே துண்டிச்சிடணும், இல்லன்னா விண்டோஸ் தானா ஒரு பழைய டிரைவரை இழுத்து போட்டுடும்.

மின்மினி_22

2933-ல மெம்டெஸ்ட் சுத்தமா முடிஞ்சது. ஷூட்டர் 98-லிருந்து 109, 1% லோ 52-லிருந்து 66. குத்தறது பாதியா குறைஞ்சிருக்கு. கார்டு 9060 எக்ஸ்டி 16 ஜிபி, புது எஸ்எம்பிஎஸ் 650 வாட், இது முடிவு. ப்ராசஸர் அப்புறம்.

கடைசியா ஒண்ணு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் மாடுலர்தான், புதுசும் மாடுலர். கேபினட் பின்னாடி கேபிள் எல்லாம் அழகா கட்டியிருக்கு. கேபிளை விட்டுட்டு யூனிட்டை மட்டும் மாத்தலாமா?

வோல்ட்டேஜ்

கூடவே கூடாது. போர்டு, டிரைவ் பக்கம் உள்ள முனைகளுக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயேகூட மாறும். ப்ளக் கச்சிதமாகப் பொருந்தும், ஆன் செய்த நொடியில் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் சாகும். பழைய கேபிள் அத்தனையையும் உருவிவிட்டு, புது யூனிட்டின் டப்பாவில் வந்ததை மட்டும் போடுங்கள். 24 பின், ப்ராசஸர் 8 பின், கார்டு 8 பின், சாட்டா: நான்கு கேபிள்தான் உங்களுக்குத் தேவை. ப்ராசஸர் 8 பின்னும் கார்டு 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 4+4 ஆகப் பிரிவது ப்ராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு.