பூனைக்கும் அலறும் சென்சார்: வழி சொல்லுங்கள்

வணக்கம். பெரம்பூரில் தனி வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். போன மாதம் எதிர்வீட்டில் பூட்டை உடைத்துத் திருடியதிலிருந்து அம்மாவுக்கு ராத்திரித் தூக்கமே இல்லை.

மொட்டைமாடிப் படியில் பிஐஆர் சென்சார் மாட்டினேன். உடல்சூடு நகர்வதைத்தான் அது பிடிக்கும் என்பதால் பூனை வந்தாலும் சைரன் அலறுகிறது. உயரத்தை மாற்றினால் சரியாகுமா? மாடிக் கதவில் காந்த சென்சார் வைப்பதே மேல் என்று எனக்குப் படுகிறது. கதவு திறந்து காந்தம் விலகினால்தான் அது கத்தும்.

அப்புறம், கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். சிம் போட்டு, பேட்டரியில் ஓடி, பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் சேர்த்து போன் அடிக்கிற கருவி யாராவது வைத்திருக்கிறீர்களா? நான் இருப்பது பெங்களூரில். இங்கிருந்து 112 அடித்தால் கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அதனால்தான் அண்ணனுக்கு உடனே தெரிய வேண்டும் என்கிறேன். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாட்டிவிடுவேன்.